ஜோர்டானுஸை வாசிக்கப் புகும் பிள்ளைகளுக்கு

சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்தும் குமுளி, வண்டன்மேடு பக்கமிருந்தும் ஆய்வுக்கு வருகிறவர்களே, ஜோர்டானுஸ் கட்டலானி உங்களுக்கு அந்நியர் அல்லர். 1329இல் உங்கள் கேரளத்துக் கொல்லத்துக்கு ஆயராக நியமிக்கப்பட்ட டொமினிக்கன் துறவி அவர்.

1. ‘மிராபிலியா’ என்ற அவருடைய லத்தீன் நூலை மட்டும் படித்துவிட்டு ஆளை எடைபோடாதீர்கள். அதற்கு முன்பே மேற்குக் கடற்கரையிலிருந்து இரண்டு கடிதங்கள் எழுதியிருக்கிறார். 1321 அக்டோபரில் குஜராத்திலிருந்து எழுதிய முதல் கடிதம், தாணேயில் கொல்லப்பட்ட நான்கு பிரான்சிஸ்கன் துறவிகளையும் அவர்களைத் தாமே அடக்கம் செய்ததையும் சொல்கிறது. தாணேயிலிருந்து எழுதிய அடுத்த கடிதத்தில் தனிமையும் நோயும் வறுமையும். அதிசயங்களை வரிசைப்படுத்தும் நூலில் இந்த மனிதரைப் பார்க்க முடியாது. என்னைக் கேட்டால், அவர் எழுத்தில் உயர்ந்தவை அந்தக் கடிதங்கள்தாம்.

2. ‘மிராபிலியா’வின் மிளகுப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். மரத்தில் படரும் கொடி, காட்டுத் திராட்சை போன்ற காய் என்று சரியாகவே சொல்கிறார். மிளகைத் தீயில் வாட்டுகிறார்கள் என்ற புரளியையும் மறுக்கிறார். ஆனால் பச்சைக் காய் முற்றியதும் தானே கறுத்துச் சுருங்குகிறதாம்! இடுக்கியில் பிறந்த பிள்ளை இங்கே நின்றுவிட வேண்டும். பழுத்தால் சிவக்கும், சரத்தில் ஓரிரண்டு மணி சிவக்கும்போதே பறித்து உதிர்த்து, களத்தில் வெயில் காட்டினால்தான் கறுப்பும் சுருக்கமும் வரும். காயையும் காய்ந்த மிளகையும் பார்த்தவர், இடையிலிருந்த களத்தைப் பார்க்கவில்லை என்பது என் துணிபு. அதே காலத்தில் வந்த பிரான்சிஸ்கன் துறவி ஓடொரிக் வெயிலில் உலர்த்துவதைக் குறித்திருக்கிறார். இருவரையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். உங்கள் தாத்தா பாட்டிக்குத் தெரிந்தது ஐரோப்பியப் பதிப்பாசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை. கூச்சப்படாமல் அடிக்குறிப்பில் எழுதுங்கள்.

3. ஹென்றி யூலின் 1863 ஆங்கில மொழிபெயர்ப்பில் தொடங்கலாம், அதிலேயே நின்றுவிடாதீர்கள். ‘மிராபிலியா’வுக்கு அறியப்பட்ட கைப்பிரதி ஒன்றே ஒன்று. ஒப்பிட வேறு பிரதி இல்லாததால் லத்தீன் வாக்கியத்தைத்தான் நம்ப வேண்டும்.

4. நம் வழிபாட்டைப் பழிக்கும் இடங்களைத் தாண்டிப் போகாதீர்கள். இந்த நாட்டு மக்கள் உண்பதில் தூய்மையானவர்கள், பேச்சில் உண்மையானவர்கள் என்று எழுதியதும் அதே கைதான். இரண்டையும் ஒரே பக்கத்தில் எடுத்தெழுதுங்கள்.

5. மிளகு பறிக்கும் நாளில் தோட்டத்துக்குப் போகும்போது நூலின் அந்தப் பத்தியைப் படியெடுத்துக்கொண்டு போங்கள். பறிக்கிற அக்காக்களிடம் தமிழில் வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்லும் திருத்தத்தை அவர்கள் சொன்னபடியே குறித்து வாருங்கள்.