ஆறு புள்ளிகள்

கண்ணால் காணும் எழுத்திற்குக் கோடும் வளைவும் வடிவம் தருகின்றன. விரலால் தடவி அறியும் எழுத்திற்கு எவ்வடிவம் பொருந்தும்? இவ்வினாவிற்கு விடை கண்டவர் லூயி பிரெயில் என்னும் பெருந்தகையார். அவர் 1809ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டில், பாரிசு மாநகருக்கு அண்மையிலுள்ள கூவ்ரே என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில், தந்தையாரின் பட்டறையில் கூரிய கருவியொன்று குழந்தையின் கண்ணிற் பாய்ந்தது. அப்புண்ணின் கேடு மற்றைக் கண்ணையும் பற்றியது. பார்வை முற்றும் மறைந்தது.

பத்தாம் வயதில் அவர் பாரிசிலுள்ள பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். தடித்த தாளில் புள்ளிகளை மேடாக எழுப்பி எழுதும் ஒரு முறையை அங்கே அறிந்தார். அதனை வகுத்தவர் பார்பியே என்னும் படைத்துறையினர். அம்முறையில் ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை வேண்டியிருந்தன. விரல் நுனி ஒரே தொடுதலில் அத்தனை புள்ளிகளையும் உணர இயலவில்லை. ஆதலால் லூயி புள்ளிகளைக் குறைக்க முயன்றார். 1824இல், தம் பதினைந்தாம் வயதில், நிரைக்கு மூன்றாக இரு நிரைகளில் ஆறு புள்ளிகளே கொண்ட முறையை உருவாக்கினார்.

ஆறு புள்ளிகள் போதுமா? கணக்கிட்டுப் பார்ப்போம். ஒவ்வோரிடத்திலும் இரண்டே நிலைகள் உள்ளன: ஒன்று, புள்ளி எழுந்திருத்தல், மற்றொன்று, எழாதிருத்தல். இடங்கள் ஆறு, நிலைகள் இரண்டு. ஆகவே குறிகள் பன்னிரண்டு என்று விரைந்து கூறுவாரும் உளர். அது பிழையாகும்.

ஓரிடம் மட்டும் இருப்பின் குறிகள் இரண்டு. இரண்டாம் இடத்தைச் சேர்த்தால், முன்னைய குறி ஒவ்வொன்றும் புள்ளியோடு ஒருமுறையும் புள்ளியின்றி ஒருமுறையும் வரும். எனவே குறிகள் நான்காகும். மூன்றாம் இடம் அவற்றை எட்டாக்கும். இங்ஙனம் ஓரிடம் கூடுந்தோறும் தொகை இருமடங்காகும். நான்கு இடங்களுக்கு 16, ஐந்துக்கு 32, ஆறுக்கு 64. இவற்றுள் ஒரு புள்ளியும் எழாத ஒன்று, சொற்களுக்கு இடையே விடும் வெற்றிடமாகும். எஞ்சியவை 63.

பிரெஞ்சு மொழியின் எழுத்துகளுக்கு 16 போதா. 32 எழுத்துகளுக்குப் போதுமாயினும், நிறுத்தக் குறிகளும் பிறவும் இடம்பெறா. 63 குறிகளோ அனைத்திற்கும் இடந்தந்தன. ஆறு புள்ளிகளும் ஒரு விரல் நுனியில் அடங்கின.

தமிழில் எழுத்துகள் 247 ஆயிற்றே, 63 குறிகள் எங்ஙனம் போதும் என்று நீவிர் வினவலாம். உயிர்மெய் ஒவ்வொன்றிற்கும் தனிக்குறி வேண்டுவதில்லை. ககரக் குறியை அடுத்து ஆகாரக் குறி வரின் அது ‘கா’ எனப்படும். ஆதலின் சில குறிகளே 216 உயிர்மெய்களையும் எழுதப் போதுமானவை.

‘உண்டு, இல்லை’ என்னும் இரண்டே நிலைகளை ஆறுமுறை அடுக்கியதால் உலகின் நூல்கள் பார்வையற்றோர் கைக்கு எட்டின. கணக்கை ஏட்டளவில் நிற்கும் கலையென்று எண்ணுதல் தகுமோ?