ஹப்பில் கை வைக்கும் முன்

கண்ணு, படவேட்டில் பட்டறை போட்டுவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். முதல் பெரிய வேலையாக ஒரு பழைய மார்க் 2 அம்பாசடரின் முன்சக்கர டிரம்மை எடுத்துவிட்டு, பிந்தைய மாடலின் ஹப்பும் டிஸ்க்கும் மாட்டப் போகிறாயாம். சந்தோஷம். 1950களின் கடைசியில் தொடங்கி 2014 மே வரை உத்தரபாராவில் செய்த வண்டி அது. வெளித்தோற்றம் அதிகம் மாறவில்லை, உள்ளே நிறைய மாறியது. அதனால்தான் இந்த வேலையில் கெட்டிக்காரப் பிள்ளைகள்கூட ஏமாந்து போகிறார்கள்.

1. எதற்காக மாற்றுகிறோம் என்று முதலில் கேள். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் மலைக்கு ஏறி இறங்குகிற வண்டியா? நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறி விரியும், ஷூ எட்டாமல் பெடல் கீழே போகும். அந்த வண்டிக்காரருக்கு டிஸ்க் தேவைதான். ஆரணிச் சந்தைக்குப் போய்வருகிறவருக்கு லைனிங் மாற்றி அட்ஜஸ்ட் செய்தாலே போதும். என்னை வளர்த்த மேஸ்திரி அப்படிப் பலரைத் திருப்பி அனுப்பினார். அவர்கள் வேறு பட்டறை தேடிப் போகவே இல்லை.

2. அளந்து பார்க்காமல் ஸ்பானரைத் தொடாதே. நான்கு ஸ்டட் என்றால் எதிரெதிர் ஸ்டட்டின் மையத்தை அளந்தால் போதும். ஐந்து ஸ்டட்டுக்கு எதிரே ஸ்டட் கிடையாது. பக்கத்துப் பக்கத்து ஸ்டட்டுகளின் மைய தூரத்தை 1.7-ஆல் பெருக்கு, ஸ்டட் வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய வந்துவிடும். மாருதி 800-க்கு நான்கு ஸ்டட், 114.3 மி.மீ. பழைய ஜீப்புக்கும் ஜிப்சிக்கும் ஐந்து ஸ்டட், இரண்டுக்கும் 139.7. "ஓட்டை சரியாக உட்கார்ந்துவிட்டது" என்று இந்த இடத்தில்தான் பையன்கள் குதிப்பார்கள். நடு ஓட்டை ஹப்பின் மூக்கில் உட்காருகிறதா? ரிம் உள்வாங்கி கேலிப்பரில் உரசுகிறதா? ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் எங்கேயாவது தட்டுகிறதா? இத்தனையும் பார்த்த பிறகு சந்தோஷப்படு. ஓட்டை சேரவில்லை என்று ஹப்பை லேத்துக்குக் கொடுத்து, பழைய ஓட்டைகளுக்கு நடுவே புது ஓட்டை போடச் சொல்லாதே. இடையில் மிஞ்சுகிற இரும்புக்குப் பலம் இருக்காது.

3. புரியை மதி. பழைய வண்டிகள் அங்குலக் கணக்கு, புதியவை மில்லிமீட்டர். அரை அங்குல நட்டு, 12 மி.மீ. ஸ்டட்டில் லேசாக ஏறிவிடும். புரியின் இடைவெளி 1.27-க்கும் 1.25-க்கும் உள்ள வித்தியாசம்தான், கைக்குத் தெரியாது. ஆனால் விட்டத்தில் 0.7 மி.மீ. தளர்வு இருக்கும். முறுக்கும்போது பிடித்த மாதிரி காட்டி, ஓட்டத்தில் புரி வழுகிவிடும். நட்டு சுகமாக ஏறினால் சந்தேகப்படு, வெர்னியரை எடு. இன்னொன்று: பழைய வில்லிஸ் ஜீப்பின் இடப்பக்க நட்டுகளுக்கு இடப்புரி. அது தெரியாமல் பைப்பைப் போட்டுத் தொங்கி ஸ்டட்டை முறித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

4. பழைய சாமான் வாங்கச் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனால் அவசரப்படாதே. இடம், வலம் இரண்டையும் ஒரே வண்டியிலிருந்து வாங்கு. ஸ்டப் ஆக்சிலில் பேரிங் உட்காரும் இடத்தை நகத்தால் தடவு, பள்ளம் தட்டினாலோ நீலம் பாய்ந்திருந்தாலோ வைத்துவிட்டு வா. டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், அதற்குக் கீழே போனது பழைய இரும்புக்குத்தான் ஆகும். ஆயில் சீல், பிரேக் ஓஸ், கேலிப்பர் ரப்பர் எதையும் பழையதில் எடுக்காதே.

5. பாதி மாற்றம் செய்யாதே. டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டர் பலவற்றில், லைனில் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்திவைக்கும் செக் வால்வு உண்டு. அதோடு டிஸ்க்கைச் சேர்த்தால் பேட் விலகாது, உரசிக்கொண்டே ஓடி ஹப் கொதிக்கும், பேரிங் கிரீஸ் உருகி வழியும். காசு போதவில்லை என்று வண்டிக்காரர் சொன்னால், சேர்கிற வரை வண்டி டிரம்மிலேயே ஓடட்டும்.

6. டேப்பர் பேரிங் போட்ட ஹப் என்றால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கு, பிறகு தளர்த்தி, விரலால் பிடிக்கிற அளவுக்கு வை. ஸ்ப்ளிட் பின் ஓட்டை நேராக வரவில்லையென்றால் தளர்த்தும் பக்கமே திருப்பு. கழற்றிய ஸ்ப்ளிட் பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடாதே. புதுப் பின் கையில் இல்லையா, கடை திறக்கும் வரை வண்டி ஜாக்கியிலேயே நிற்கட்டும். உங்கள் வீட்டுத் தறியில் பாவிழை ஒன்று அறுந்தால் அதை முடிச்சிடாமல் அம்மா அடுத்த ஊடை ஓட்டுவாளா? அந்தப் பிடிவாதம் உன் கையிலும் இருக்க வேண்டும்.

7. சட்டத்தை வண்டிக்காரரிடம் மறைக்காதே. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்ற 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்கு. காப்பீட்டுக்காரரிடமும் சொல்லிவிடச் சொல்.

8. முடித்ததும் சாவியை உடனே கொடுத்துவிடாதே. காலி வண்டியை மெதுவாக ஓட்டி நிறுத்து, இரண்டு ஹப்பையும் தொட்டுப் பார். ஒன்று மட்டும் சுட்டால் திரும்பக் கழற்று. ஆடி வெள்ளிக்கு உங்கள் ஊர் ரேணுகாம்பாள் கோயிலுக்குக் குடும்பத்தோடு வரவேண்டும் என்று அவசரப்படுத்துவார்கள். வாடகை வண்டியில் வரட்டும், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டை மறுபடி இறுக்க வேண்டும், அதற்குக் கூலி வாங்காதே. வண்டிக்காரர் மறந்துவிட்டால் நீயே போன் போட்டுக் கூப்பிடு.