மெலிவதற்குப் பட்டினி வழியா?

தோழியரே, உடல் மெலிய வேண்டுமென்று காலை உணவைத் தவிர்ப்போர் நம்மில் பலர். பட்டினி உடலை என்ன செய்யும்? அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45இல் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர் இதை ஆராய்ந்தார். போரினால் பசியில் வாடியோருக்கு உணவூட்டும் முறையை அறிவதே அவர் நோக்கம். தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரங்கள் வழக்கமான உணவில் ஏறத்தாழப் பாதியே தரப்பட்டது. எடை கால் பங்கு குறைந்தது, உண்மைதான். ஆனால் நாடித்துடிப்பு தளர்ந்தது. கோடையிலும் குளிர் வாட்டியது. எந்நேரமும் உணவின் நினைவே! சிலர் சமையல் புத்தகங்களைக்கூடச் சேர்க்கத் தொடங்கினர்.

கலோரி என்பது உடலுக்கு விறகு. நாம் உறங்கும்போதும் இதயமும் மூளையும் அதை எரிக்கின்றன. விறகு மிகவும் குறைந்தால் உடல் அடுப்பைத் தணித்துக்கொள்கிறது. கொழுப்புடன் தசையையும் கரைக்கிறது. தசை கரைந்தபின் அன்றாடச் செலவும் குறைவதால், மேலும் மெலிவது கடினமாகிறது.

நமக்கோ எலும்பு வளரும் பருவம். சுண்ணாம்புச்சத்தும் இரும்புச்சத்தும் மிகுதியாக வேண்டும். எனவே எடை அதிகம் என்று மருத்துவர் கூறினாலொழிய நாமாகக் குறைக்க முயல்வது தகாது. அவர் கூறினாலும் மூன்று வேளை உணவு வேண்டும். இட்லியும் சாம்பாரும் நமக்குப் பகையல்ல. மாலைநேர பஜ்ஜியையும் இனிப்புப் பானத்தையும்தான் குறைக்க வேண்டும். தட்டில் சோறு சற்றுக் குறைந்தால் அவ்விடத்தில் பருப்பும் கீரையும் முட்டையும் வரட்டும்.