கொறங்காட்டுல தூரைப் பாரு, கண்ணு

மழை பேஞ்சு நாலு நாள்ல கொறங்காடு, அதான் நம்ம மேய்ச்சல் காடு, பச்சையாயிடுச்சேன்னு மாட்டை உள்ளே விட்டுடாதே, கண்ணு. கொழுக்கட்டைப் புல்லு தூர்லயும் வேர்லயும் சேத்து வெச்ச சத்தைச் செலவு பண்ணித்தான் அந்தத் துளிரை விட்டிருக்கு. அதையும் மாடு கரும்பிட்டா, மறுபடி துளிர்க்கத் தெம்பு ஏது? காங்கேயம், மூலனூர்ப் பக்கமெல்லாம் நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகைதான். அந்த மழைக்குத் தழைஞ்சு, முழங்கால் உயரம் வந்து, அங்கங்கே கதிர் தலைகாட்டட்டும். அப்புறம் படலைத் திற.

திறக்கறதைவிட அடைக்கறதுதான் கஷ்டம். மாட்டு வயித்தைப் பார்த்து முடிவு பண்ணாதே, தூரைப் பாரு. அரைச்சாண் தாளாவது நிக்கறப்பவே அடுத்த காட்டுக்கு மாத்திடு. ஒரு கோடையில தீவனம் வாங்கச் சங்கடப்பட்டு நான் ஒட்ட மேய விட்டேன். அடுத்த மழைக்குப் பாதித் தூர் எழுந்திருக்கவே இல்லை. அந்த இடத்தையெல்லாம் பார்த்தீனியம் பிடிச்சிக்கிச்சு. இன்னமும் அதைப் பிடுங்கிட்டு இருக்கேன்.

மாத்தறதுக்கு வேற காடு இல்லையா? இருக்கற 4 ஏக்கரையே ரெண்டாப் பிரி. நடுவுல கிளுவைப் போத்து நடு. அது வேலியாகிற வரைக்கும் முள்ளு வெட்டிப் போட்டு அடை. முதல்ல மாடு மேயட்டும், செம்மறி பின்னாடி போகட்டும். மாடு நாக்கால வளைச்சு மேல்புல்லை இழுக்கும். ஆடு அடியோட கரும்பும். அதனால ஆட்டை ரொம்ப நாள் நிறுத்தாதே. வெள்வேல மரத்தை மட்டும் வெட்டிடாதே. கோடையில அது உதிர்க்கற காய்தான் மாட்டுக்குத் தெம்பு.

சில வருஷத்துக்கு ஒருதரம் காட்டை உழுது சோளம் விதைப்பாங்க இல்லையா, அப்ப ரொம்பக் கவனமா இரு. இளஞ்சோளம், வெயில்ல வாடின பயிரு, அறுத்த தாள்ல வர்ற மறுதுளிர், இது மூணுலயும் மாடு வாய் வெச்சுடக் கூடாது. அதுல உண்டாகற சயனைடு நஞ்சு, மருத்துவர் வந்து சேர்றதுக்குள்ளேயே மாட்டைச் சாய்ச்சிடும். பூத்த பிறகு அறுத்துப் போடு.

வழுக்கை விழுந்த இடத்துக்கு விதையைக் காசு குடுத்து வாங்க வேண்டியதில்லை. கொழுக்கட்டைப் புல்லோட முத்தின கதிரை உருவிக் காயவெச்சு, சாக்குல கட்டி ஆறேழு மாசம் வெச்சிரு. புதுவிதை சரியா முளைக்காது, அதுக்கும் உறக்கம் வேணும். பஞ்சாட்டம் பறக்கறதால ஈரமணல்ல புரட்டித் தூவு. ஆழத்துல புதைஞ்சா மேலே வராது. தூவினதுக்கு மேல ஒரு முள்ளுக் கொப்பை இழுத்துட்டு வா, அது போதும்.