வேலை நின்றால் கடிகாரமும் நிற்க வேண்டுமா?

2020-ஆம் ஆண்டு மே மாதம். ஊரடங்கு நேரம். பஸ் கிடையாது. மானாம்பதி தெருவில் பகல் பதினோரு மணிக்கே ஆள் நடமாட்டம் இல்லை. அப்போது ஓர் இளைஞர் என்னைத் தேடி வந்தார். வயது முப்பத்து நான்கு. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை. வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், சர்க்கரை நோயுள்ள தாயார்.

"ஐயா, ரெண்டு மாசமா நெஞ்செரிச்சல். ராத்திரி தூக்கம் வர்றதில்ல. வேலையே செய்யாம உட்கார்ந்திருக்கேன். ஆனா, மூட்டை தூக்கினவன் மாதிரி உடம்பு வலிக்குது. கபசுரக் குடிநீர் தினமும் ரெண்டு வேளை குடிக்கிறேன். ஒண்ணும் கேட்கல" என்றார்.

நெஞ்சு சம்பந்தப்பட்ட தொந்தரவு என்பதால் முதலில் அரசு மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்து வரச் சொன்னேன். கோளாறு எதுவும் இல்லை. "சரி, நேற்று எழுந்ததிலிருந்து படுத்தது வரை என்ன செய்தீர்கள்? ஒன்று விடாமல் சொல்லுங்கள்" என்றேன்.

எழுந்தது ஒன்பதரை மணிக்கு. வெறும் வயிற்றில் கபசுரக் குடிநீர், அதன் மேல் டீ. டிபன் இல்லை. பதினொன்றுக்கு இன்னொரு டீ. இரண்டரைக்குச் சாப்பாடு. கை கழுவியதும் படுக்கை. ஐந்து மணி வரை தூக்கம். இரவுச் சாப்பாடு பத்தரைக்கு. பிறகு மூன்று மணி வரை செல்போன். எந்தக் கம்பெனி திறந்தது, எங்கே ஆட்களை நிறுத்தினார்கள் என்று ஒரே தேடல். இடையில் அம்மா நான்கு முறை கேட்டாராம்: "கம்பெனியில இருந்து போன் வந்துச்சாப்பா?" மனைவி ஒரு முறைகூடக் கேட்கவில்லையாம். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது என்றார்.

"அமைதியான நாள்தான் ஐயா. ஒண்ணுமே நடக்கல" என்று முடித்தார்.

வாசகர்களே, அந்த ஒன்றுமே நடக்காத நாளில்தான் அவருடைய நோய் முழுவதும் இருந்தது.

உடம்புக்குள் ஒரு கடிகாரம்

வேலைக்குப் போன காலத்தில் விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கம்பெனி பஸ். அதற்காக எழுந்தார், வெளிச்சத்தில் நின்றார், நேரத்துக்குச் சாப்பிட்டார், நேரத்துக்குப் படுத்தார். பஸ் நின்றதும் சம்பளத்தோடு இந்த ஒழுங்கும் போய்விட்டது.

பசி, தூக்கம், உடல் சூடு ஆகியவற்றை நேரப்படி நடத்தும் கடிகாரம் நம் உடம்புக்குள் இருக்கிறது. அது இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது காலை வெளிச்சம். பகல் உறக்கத்தை விலக்கச் சொல்லும் நம் சித்த நூல்களும் நாள் ஒழுக்கத்தை மருந்துக்கு முன்னால் வைக்கின்றன.

கபசுரக் குடிநீர் பற்றியும் ஒரு வார்த்தை. சுக்கு, திப்பிலி, கிராம்பு, அக்கரகாரம் உள்ளிட்ட 15 சரக்குகள் சேர்ந்தது அது. காரமும் வெப்பமும் உள்ள மருந்து. கபசுரத்துக்கு ஏற்பட்டதை மாதக்கணக்கில் வெறும் வயிற்றில் குடித்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். உடனே நிறுத்தச் சொன்னேன்.

நான் எழுதிக் கொடுத்த நாள்

* வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலை ஆறு மணிக்கு எழ வேண்டும். அரை மணி நேரம் வெயில் படும்படி நடை.
* எட்டரைக்குள் இட்லியோ கஞ்சியோ ஏதாவது ஆகாரம். அதற்குப் பிறகுதான் டீ. மாலை நான்கு மணிக்கு மேல் டீ வேண்டாம்.
* மதியம் ஒரு மணிக்குச் சாப்பாடு. நீர் மோர் சேர்க்கலாம். பகலில் படுக்கை கூடாது.
* சீரகம் போட்டுக் கொதித்து ஆறிய தண்ணீரை அவ்வப்போது குடிக்கலாம்.
* தினம் ஒரு மணி நேரம் கை வேலை. கிணற்றடி, தோட்டம், பழுதான சைக்கிள், எதுவானாலும் சரி.
* இரவு எட்டு மணிக்குள் மிதமான சாப்பாடு. ஒன்பதரைக்கு மேல் செல்போன் வேறு அறையில்.

தூக்கத்துக்கென்று அமுக்கரா சூரணத்தை நீங்களாகவே வாங்கிச் சாப்பிடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் தைராய்டு தொந்தரவு உள்ளவர்களுக்கும் அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி ஒரே ஒரு வேளை

கடைசியாக ஒன்று சொன்னேன். வேலையைப் பற்றி வீட்டில் நாள் முழுக்கக் கேட்கவும் கூடாது. கேட்காமல் விழுங்கவும் கூடாது. மாலை ஆறு மணிக்கு எல்லோரும் உட்கார்ந்து, ஒரு நோட்டில் கையிருப்பு, அரிசி, பால், கடன், மருந்து என்று எழுதிப் பேசுங்கள். அரை மணி நேரம் போதும். பிறகு நோட்டை மூடிவிடுங்கள்.

ஒரு வாரம் கழித்து வந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். நோட்டில் 'மருந்து' என்று எழுதும்போதுதான் தெரிந்ததாம். அவருடைய அம்மா சர்க்கரை மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "புள்ளைக்கு வேலை இல்ல, நான் எதுக்குச் செலவு வைக்கணும்?" என்று கேட்டாராம். அந்த மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அன்றே போய் வாங்கி, சர்க்கரை அளவையும் பார்க்கச் சொன்னேன்.

மூன்று வாரத்தில் அவருக்கு நெஞ்செரிச்சல் அடங்கியது. தூக்கம் வந்தது. கம்பெனி அழைப்பு மட்டும் ஆகஸ்டு வரை வரவில்லை.

கொரோனா அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்துவிட்டது. ஆனால், வேலை நிச்சயமில்லாத நாள் எந்த வீட்டுக்கும் வரலாம். 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடியதைப் பார்த்தவர்கள்தானே நாம்!

நெஞ்சு வலி தோளுக்கோ கைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால் கஷாயம் தேட வேண்டாம்; 108-ஐ அழையுங்கள். 'இருந்து என்ன பயன்' என்ற எண்ணம் வந்தால் வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். 104, 14416 ஆகிய எண்களில் பேசலாம், கட்டணம் இல்லை.

வேலை எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. நாளைக் காலை ஆறு மணிக்கு எழுவது நம் கையில்தான் இருக்கிறது. அதிலிருந்து ஆரம்பியுங்கள்.