பிறேக்கைத் தேய்ப்பது யாது?

மோட்டார்க் காரின் பிறேக்கு விரைவிலே தேய்ந்துவிட்டால், விற்றவரையோ பூட்டியவரையோ குறைகூறுதல் நம்மவர் வழக்கம். அவர்பாற் குறை இருத்தலும் கூடும். ஆயினும், ஒரே இனத்துக் கார்கள் இரண்டு ஒரே வீதியில் ஓடுகையில், ஒன்றின் பிறேக்கு நெடுங்காலம் உழைக்க, மற்றொன்றினது அடிக்கடி மாற்றப்பட வேண்டியிருப்பதையும் நாம் காண்கின்றோம். இவ்வேறுபாட்டின் காரணத்தைக் காரிலே தேடுவதிற் பயனில்லை. அது சாரதியின் காலிலே உள்ளது. அதுவும் பிறேக்கை மிதிக்கும்போதன்று, அதற்கு முன்னர் அக்சிலரேற்றரை மிதிக்கும்போதே தீர்மானிக்கப்படுகின்றது. 2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025இலேதான் மீளத் தொடங்கிற்று. ஆதலின் வயதேறிய கார்களைப் பேணி ஓட்டுவோர் நம்மிடையே பலர். அவர்க்கு இஃது ஆராயத்தக்க பொருளேயாம்.

பிறேக்கின் தொழில், ஓடும் காரின் இயக்கச் சத்தியை உராய்வினால் வெப்பமாக்கிக் காற்றில் விடுதல். இச்சத்தி வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது என்பதை நம் விஞ்ஞான மாணவர் அறிவர். 1,200 கிலோகிராம் நிறையுள்ள காரொன்று மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகையில் அதன் இயக்கச் சத்தி ஏறத்தாழ 42,000 யூல். 60 கிலோமீற்றரில் ஏறத்தாழ 1,67,000 யூல். வேகம் இருமடங்காக, பிறேக்கின் சுமை நான்மடங்காகின்றது. 50 கிலோமீற்றரில் வந்து நிற்பவர் 40இல் வந்து நிற்பாராயின், அவ்வொரு நிறுத்தத்தில் மட்டும் மூன்றிலொரு பங்குக்கு மேலான வெப்பத்தை மிச்சப்படுத்துகின்றார்.

இனி, வெள்ளவத்தைக் காலி வீதியை நோக்குவோம். மாலை வேளையிலே சிவப்பு விளக்கு தூரத்தில் தெரிகின்றது. அதனைக் கண்டும் அக்சிலரேற்றரை மிதித்துச் சென்று, விளக்கின் அடியிலே பிறேக்கை அழுத்துவோர் எத்தனை பேர்! அவர் பெற்றோலைச் செலவிட்டு வேகத்தை வாங்குகின்றார். வாங்கிய வேகத்தைப் பிறேக்கிலே தேய்த்து எறிகின்றார். விளக்கைக் கண்டவுடன் காலைத் தூக்குபவரோ அதே விளக்கடிக்கு அதே நேரத்தில் வந்து சேர்கின்றார். சிலவேளை, நிற்குமுன் பச்சையும் விழுந்துவிடும். 100ஆம் இலக்கப் பஸ்ஸின் பின்னே செல்வோரும் அடுத்த தரிப்பில் அது நிற்குமென எதிர்பார்த்தே செல்லவேண்டும். பஸ் நிற்பது அதிசயமன்று.

முன்வண்டிக்கும் நமக்கும் இடையே இரண்டு செக்கன் தூரம் விடுக என்பது நெடுநாளைய விதி. 40 கிலோமீற்றர் வேகத்தில் அஃது ஏறக்குறைய 22 மீற்றர். ‘அவ்வளவு இடம் விட்டால் முச்சக்கர வண்டி புகுந்துவிடுமே!’ என்பர். புகத்தான் செய்யும். புகுந்த ஒவ்வொன்றுக்கும் நாம் இழப்பது இரண்டு செக்கன். பத்து புகுந்தால் இருபது செக்கன். வீடு சேர இருபது செக்கன் பிந்தியதனால் எவர்க்கும் உணவு ஆறிப்போனதாகத் தெரியவில்லை.

கொட்டாஞ்சேனையின் நிலை வேறு. ஜம்பட்டா வீதியிலும் சுற்றியுள்ள ஒழுங்கைகளிலும் வேகம் கொள்ள இடமேயில்லை. இரண்டாம் கியரிலே அமைதியாகச் சென்றால் அதுவே போதும். பிறேக் மிதியின்மீது காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கம் இத்தகைய தெருக்களிலேதான் தொற்றிக்கொள்கின்றது. மெல்லத் தொட்டாலும் லைனிங் உராய்ந்துகொண்டேயிருக்கும். பின்விளக்கும் எரிந்துகொண்டேயிருப்பதால், உண்மையில் எப்போது நிறுத்துகின்றோம் என்பதைப் பின்னே வரும் லொறிக்காரர் அறியார்.

நகரத்திலே பிறேக்குத் தேய்ந்தால் நட்டம் பணம். மலைநாட்டிலோ அஃது உயிர்ப்பிரச்சினை. சித்திரை விடுமுறையில் நுவரெலியாவுக்கும் சீதா எலியவுக்கும் குடும்பத்தோடு செல்வோர், றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்குகையில் ஆயிரம் மீற்றருக்கு மேல் தாழ்கின்றனர். ஆயிரம் மீற்றர் என்றே கொண்டாலும், மேற்கூறிய கார் இழக்கவேண்டிய சத்தி ஒரு கோடியே பதினேழு இலட்சம் யூல். ஆட்களும் பெட்டிகளும் வேறு. 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து எழுபது முறை நிறுத்துவதற்கு அஃது ஒப்பாகும். இதனைப் பிறேக்கு ஒன்றே தாங்குமாயின் லைனிங் சூடேறி உராய்வை இழக்கும். மிதி கல்லைப்போல் நிற்கும், காரோ நில்லாது ஓடும். வேறொரு விபத்தும் உண்டு. பிறேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 என்னும் வகை, புதிதாயிருக்கையில் குறைந்தது 205 பாகை சதம அளவில் கொதிக்கவேண்டுமென்பது நியமம். ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 140 பாகை. கொதித்து ஆவியானால், மிதி தரைவரை தாழ்ந்துவிடும். கொழும்பின் ஈரக்காற்றிலே வாழும் நாம், இரண்டாண்டுக்கு ஒருமுறை அவ்வொயிலை மாற்றுதல் நன்று.

இறக்கத்தின் தொடக்கத்திலேயே தாழ்ந்த கியருக்கு மாற்றி, எந்திரத்தையே காரைப் பிடித்து நிறுத்தச் செய்தல் வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய சாரதிகளின் வாக்கு. வேகம் மிகும்போது பிறேக்கை உறுதியாக மிதித்துக் குறைத்து, உடனே விட்டுவிடுக. ஓயாது மெல்ல அழுத்தியபடியே இறங்குவோர் அதற்குக் காற்றாட இடங்கொடுப்பதில்லை. கருகிய மணம் வீசினால் ஒதுக்கமான இடத்தில் நிறுத்தி ஆறவிடுக. தண்ணீர் ஊற்றுதல் ஆகாது. நியூற்றலிலே உருளவிட்டுப் பெற்றோல் சேமிப்பதாகப் பெருமைகொள்வோரும் உளர். இக்காலத்து எந்திரங்கள், கியரில் இருக்கக் காலைத் தூக்கினால் எரிபொருளைத் தாமே நிறுத்திவிடுவன. நியூற்றலிலோ எந்திரம் அணையாதிருக்கப் பெற்றோல் செலவாகும். ஆகவே அச்சேமிப்பும் பொய்.

ஹைபிரிட் கார்களில் வேகத்தைக் குறைக்கும் வேலையிற் பெரும்பகுதியை மின்மோட்டாரே செய்து, சத்தியைப் பற்றறிக்கு மீட்டளிக்கின்றது. பற்றறி நிறைந்துவிட்டால் அவ்வுதவி பெரிதும் குறையும்; நெடிய இறக்கத்தில் அது விரைவிலே நிறையும். ஆதலின், கியர்க்கோலிலே ‘பி’ எனக் குறிக்கப்பட்ட நிலை இருப்பின், மலையிறக்கத்தில் அதனைப் பயன்படுத்துக.

மரைன் டிறைவ் ஓரத்தில் வாழ்வோர்க்கு ஒரு சொல். உப்புக்காற்றிலே சில நாள் நின்ற காரின் பிறேக்குத் தட்டில் துரு படிவது இயல்பு. முதல் நாலைந்து மிதிகளில் அது கரகரத்து நீங்கிவிடும், கராச்சுக்கு ஓடவேண்டியதில்லை. பல நாட்களின் பின்னும் கீச்சென்னும் ஒலி நீங்காதாயின், தேய்வை அறிவிக்கவென்று பல பாட்களிற் பொருத்தப்பட்டுள்ள மெல்லிய தகடு தட்டிலே உரசுகின்றதெனக் கருதலாம். அந்நிலையிலே பாட்டை மட்டும் மாற்றினாற் போதும். இரும்போடு இரும்பு உரசும்வரை காத்திருப்போர், பஞ்சிகாவத்தையில் தட்டுக்கும் விலைபேச நேரும்.