காற்று வரும் பின்னே, கணக்கு வரும் முன்னே!



வள்ளியூரில் பஸ் ஏறி நாகர்கோவிலுக்குப் போனால், பணகுடி, காவல்கிணறு தாண்டி முப்பந்தல் வரைக்கும் காற்றாலைகள்தான். ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பி நிற்பவை அவை.

ஆனால் காற்று சொன்ன பேச்சு கேட்காது. அதன் வேகம் 2 மடங்கானால் அதிலுள்ள சக்தி 8 மடங்காகும். அதனால் வேகக் கணிப்பில் சின்னத் தப்பு வந்தாலும் மின்சாரக் கணக்கில் அது பெரிதாகத் தெரியும். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் விதிமுறை கொண்டுவந்தது. ஒரு நாளை 15 நிமிஷம் வீதம் 96 துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு மின்சாரம் வரும் என்று முன்கூட்டியே சொல்லணும். அளவுக்கு மீறித் தவறினால் கட்டணம். இந்தக் கணிப்புக்கு உதவும் ஒரு வழிதான் நியூரல் நெட்வொர்க்.

ஞாபகம் வேண்டும்

எங்க தாத்தா களத்தில் பொலி தூற்றியவர். ஒரு வீச்சு வந்ததும் சுளகைத் தூக்க மாட்டார். இரண்டு மூன்று வீச்சைப் பார்த்துவிட்டு, "இப்பம் நின்னு அடிக்கும்ல" என்பார். முந்தின வீச்சுகளின் ஞாபகம்தான் அவர் கணக்கு.

சாதாரண நெட்வொர்க்குக்கு இந்த ஞாபகம் கிடையாது. 1990-ல் ஜெஃப்ரி எல்மன், நெட்வொர்க்கின் முந்தின உள்நிலையை அடுத்த இன்புட்டோடு சேர்த்துக் கொடுக்கும் அமைப்பை வெளியிட்டார். கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள பிழையைக் காலத்தில் பின்னோக்கி அனுப்பி, வெயிட்டுகளைத் திருத்துவதுதான் பயிற்சி.

இதில் ஒரு சிக்கல். ஒவ்வொரு படியிலும் பிழை 0.5 ஆல் பெருக்கப்பட்டால், 10 படி பின்னால் 1024-ல் 1 பங்குதான் மிஞ்சும். பழைய சேதி மறந்துபோகும். 1997-ல் ஹோக்ரைட்டர், ஷ்மிட்ஹூபர் இருவரும் எல்.எஸ்.டி.எம். முறையைத் தந்தார்கள். அதில் ஞாபகத்தைக் கரையாமல் வைக்கும் செல் ஒன்றும், உள்ளே விடவும் வெளியே காட்டவும் வாசல்களும் உண்டு.

நாங்கள் பட்ட பாடு

ப்ராஜெக்ட்டுக்காக மாடியில் அனிமோமீட்டர் வைத்து, 15 நிமிஷத்துக்கு ஒன்றாக 40 நாள் அளவெடுத்தோம். மொத்தம் 3840 அளவு. எல்லாவற்றையும் சீட்டு மாதிரி கலைத்து, ஒரு பங்கைச் சோதனைக்கு வைத்தோம். பிழை ரொம்பக் குறைவு! துள்ளிக் குதித்தோம்.

சார் ஒரே கேள்விதான் கேட்டார்: "நாளைக்கு அடிச்ச காத்தைக் காட்டிட்டு, இன்னைக்கு என்ன அடிக்கும்னு கேக்கியளோ?"

முகம் தொங்கிப்போச்சு. மறுபடி முதல் 30 நாளில் பயிற்சி, கடைசி 10 நாளில் சோதனை. அடுத்த 15 நிமிஷத்துக்கு, "இப்ப அடிக்கிற வேகமே அடிக்கும்" என்று கண்ணை மூடிச் சொல்வதை எங்க நெட்வொர்க்கால் ஜெயிக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் தள்ளிச் சொல்லும்போதுதான் கொஞ்சம் முந்தியது. ரிப்போர்ட்டில் அதைத்தான் எழுதினோம். மார்க் குறையுமோ என்ற பயம் இருந்தது. ஆனாலும் மாற்றவில்லை.

நினைவில் வையுங்கள்

1. காலத்தோடு மாறும் அளவுகளைக் கலைக்காதீர்கள். பழையதில் பயிற்சி, புதியதில் சோதனை.
2. "இப்ப உள்ளதே அடுத்தும்" என்ற எளிய கணிப்போடு முதலில் ஒப்பிடுங்கள்.
3. கிராஃப் அழகாக இருந்தால் உடனே நம்பாதீர்கள்.

ரிசல்ட் ரொம்ப நல்லா வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது நம்மைத்தான். அடுத்த வருஷம் ப்ராஜெக்ட் செய்யும் தம்பி தங்கைகள் இந்த இடத்திலிருந்து தொடங்கினால் எங்களுக்குச் சந்தோஷம்.